சொல்லத் தெரிகிறது, செய்ய வரவில்லை

கேள்வி

வணக்கம் மேடம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஐந்தரை வயது ஆகிறது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்றார்கள். சென்ற மாதம் மறுபடியும் பரிசோதித்தபோது லேசான அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, சமூக வயது மூன்று என்று அறிக்கை கொடுத்தார்கள். சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுவான். காலையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், கூடத்துச் சுவரில் நான் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து 'பிரஷ், பேஸ்ட், வாய் கொப்பளி, முகம் கழுவு' என்று வரிசை தவறாமல் ஒப்பிப்பான். ஆனால் குளியலறைக்குள் விட்டால், நான் போகும்வரை பிரஷைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். இல்லையென்றால் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். 'குழாயைத் திறக்கக் கூடாது' என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் திறக்கிறான். பள்ளிக்குப் போகும் ஆட்டோ வேறு தெருவில் திரும்பினால் அலறித் தீர்க்கிறான். 'எல்லாம் தெரிந்துகொண்டே செய்கிறான், நீ கொடுத்த செல்லம், இரண்டு அடி போட்டால் சரியாகும்' என்கிறார் என் மாமியார். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அடித்தும் இருக்கிறேன்.

'எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் பலவீனம்' என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய டேப்லெட்டில் விளையாடும் மூளைப் பயிற்சி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு 25,000 ரூபாய் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். சிப்காட்டில் வேலை செய்யும் என் கணவர் கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா? இது அடமா, நோயா? வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய், கடலூர்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் கட்ட வேண்டாம். கடனுக்குச் சொல்லி வைத்திருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் பையனிடம் நீங்கள் பார்ப்பது அடம் இல்லை. தனியாக இன்னொரு நோயும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம், அதைக் கடைசியில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் 'தெரிந்துகொண்டே செய்கிறான்' என்ற ஒரே வாக்கியத்தைச் சுற்றி நடப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. அவனுக்குத் தெரியும். ஆனால் ஒன்று தெரிந்துவிட்டால் அதைச் செய்யவும் வந்துவிடும் என்பது வளர்ந்தவர்களின் கணக்கு. சிறு குழந்தைகளிடம் அது செல்லாது. 1996-இல் பிலிப் டேவிட் செலாசோ என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தைகளிடம் படச் சீட்டுகளைக் கொடுத்து இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போடச் சொல்லும் சோதனை அது. இன்று பரவலாகச் செய்யப்படும் முறையில் சீட்டுகளில் சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறங்கள். முயல், படகு என்று இரண்டு உருவங்கள். முதலில் நிறத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை அதைச் சரியாகவே செய்துவிடும். பிறகு, 'இனி நிறம் வேண்டாம், உருவத்தைப் பார்த்துப் போடு' என்பார்கள். குழந்தை பழையபடி நிறத்தைப் பார்த்தே போட்டுக்கொண்டிருக்கும். நிறுத்தி, 'முயல் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும்?' என்று கேட்டால் சரியான பெட்டியைக் காட்டும். உடனே ஒரு முயல் சீட்டைக் கையில் கொடுத்தால் தவறான பெட்டியில் போடும்! புதிய விதி வாய்க்கு வந்துவிட்டது, கைக்கு இன்னும் வரவில்லை. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

'குழாயைத் திறக்கக் கூடாது' என்று சொல்லிக்கொண்டே குழாயைத் திறக்கும் உங்கள் பையன் செய்வது அச்சாக இதுதான். அவனுடைய சமூக வயது மூன்று என்று அறிக்கை சொல்வதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். உங்கள் தெருவில் மூன்று வயதுக் குழந்தை இருந்தால் வண்ணக் காகிதத்தில் சீட்டுகள் வெட்டி, உங்கள் மாமியாரையும் அருகில் உட்காரவைத்து இந்த விளையாட்டை ஒருமுறை விளையாடிப் பாருங்கள். அந்தக் குழந்தையைத் திமிர் பிடித்தது என்று அவர் சொல்ல மாட்டார். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது அவருக்கு நன்றாகப் புரியும்.

அறிக்கையில் 'எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்' என்று எழுதியிருப்பதைத் தமிழில் செயல் நிர்வாகத் திறன் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்ததைத் தேவையான நேரத்தில் செயலாக்க மூளை செய்யும் வேலைகளின் தொகுப்பு அது. ஒரு செய்தியை அது தேவைப்படும்வரை மனத்தில் நிறுத்திவைப்பது, முதலில் எழும் உந்துதலை அடக்குவது, நிலைமை மாறும்போது தானும் மாறிக்கொள்வது என்று மூன்றைப் பொதுவாகச் சொல்வார்கள். சிறு குழந்தைகளுடன் வேலை செய்யும் எனக்கு நான்காவதாக ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது: தொடங்குவது. பிரஷைப் பிடித்தபடி நிற்கும் குழந்தைக்குத் தொடக்கம்தான் கிடைக்கவில்லை. குழாய் விஷயம் உந்துதலை அடக்குவது. ஆட்டோ விஷயம் மாறிக்கொள்வது. இந்த வேலைகளில் பெரும்பங்கு வகிக்கும் நெற்றிப்புற மூளைப் பகுதி எல்லோருக்குமே இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஐந்தரை வயதில் எந்தப் பிள்ளைக்கும் இது அரைகுறையாகத்தான் இருக்கும். உங்கள் பையனுக்கு இன்னும் மெதுவாக வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமூக வயது மூன்று என்பதால் அவன் மூன்று வயதுக் குழந்தை ஆகிவிட மாட்டான். உடுத்துவது, உண்பது, வெளியே போவது என்று பலவற்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டுத் திரட்டிய ஒரு சராசரி அது. எழுத்தில் அவன் ஐந்து வயதுக்குரியவனாகவும், காத்திருப்பதில் இரண்டு வயதுக்குரியவனாகவும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். அதனால்தான் 'இது தெரிகிறவனுக்கு அது எப்படித் தெரியாமல் போகும்?' என்று வீட்டில் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நீங்கள் அடித்ததைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பதும் புரிகிறது. அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம், அடிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். பயந்த நேரத்தில் மனத்தில் எதையும் நிறுத்திவைக்கும் சக்தி இன்னும் குறைந்துபோகும். ஏற்கெனவே தொடங்க முடியாமல் நிற்கிறவன், அடி விழும் இடத்தில் இன்னும் அதிக நேரம் நிற்பான்.

இனி அந்த டேப்லெட் பயிற்சி. இத்தகைய விளையாட்டுகளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயிற்சி எடுத்த குழந்தை அந்த விளையாட்டிலும் அதைப் போன்ற விளையாட்டுகளிலும் தேர்ச்சி பெறுகிறது. அந்தத் தேர்ச்சி அன்றாட வாழ்க்கைக்கும் படிப்புக்கும் பெரிதாகத் தாவிச் செல்வதில்லை என்பதுதான், நினைவுத்திறன் பயிற்சிகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. ஏன் என்று கொஞ்சம் யோசித்தால் விளங்கும். டேப்லெட் எப்போது தொடங்க வேண்டும் என்று ஒலி எழுப்பிச் சொல்கிறது. திரையில் வேண்டியதை மட்டும் காட்டுகிறது. சரியாகச் செய்த உடனே பரிசு தருகிறது. உங்கள் பையனுக்குக் குறைவாக இருக்கும் செயல் நிர்வாகம் முழுவதையும் அந்தக் கருவியே செய்து கொடுத்துவிடுகிறது. மூன்று மாத முடிவில் அவன் மதிப்பெண் ஏறியிருக்கும், உங்கள் கணவர் மகிழ்ந்துபோவார், குளியலறையில் அவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பான்.

சிறு வயதில் செய்யப்படும் பரிசோதனைகளிலும் இதே முரண்பாடு வருவதுண்டு. ஆட்டிசம் உள்ள மழலையர், அமைதியான அறையில் எதிரே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, அதே மன வளர்ச்சி உள்ள மற்றக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இணையாகச் செய்துவிடுவதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் பெற்றோரிடம் கேட்டால் வீட்டில் படும் பாட்டைப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். இரண்டும் பொய் இல்லை. அறையில் எதிரே இருப்பவர் குழந்தைக்கு வேண்டிய ஒழுங்கைத் தம் இருப்பாலேயே கொடுத்துவிடுகிறார். வீட்டில் குக்கர் விசில், தொலைக்காட்சி, அவசரம் எல்லாவற்றுக்கும் நடுவே அந்த ஒழுங்கைக் குழந்தையே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: உதவியை வேலை நடக்கும் இடத்திலேயே வையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுங்கள். கீழே எழுதப்போவது எல்லாம் இதன் விரிவு.

குளியலறையை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றவற்றை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கைத் திருத்தப் போகிற வீடுகளில் ஒன்றும் திருந்துவதில்லை.

கூடத்துச் சுவரில் இருக்கும் படத்தை ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். ஒப்பிப்பது அவனுக்கு ஏற்கெனவே நன்றாக வருகிறது, அதை மேலும் வளர்த்துப் பயனில்லை. அடுத்து, நீங்கள் போகும்வரை அவன் ஏன் நிற்கிறான் என்று பாருங்கள். ஒவ்வொரு நாளும் அவன் பிரஷை எடுத்த பிறகு என்ன நடக்கிறது? நீங்கள் வந்து, 'ம், அடுத்து பேஸ்ட்' என்கிறீர்கள். அவன் பேஸ்டை எடுக்கிறான். மறுபடி நிற்கிறான். 'ம், தேய்' என்கிறீர்கள். அவன் கற்றுக்கொண்ட வரிசை இதுதான்: பிரஷ், அம்மாவின் குரல், பேஸ்ட், அம்மாவின் குரல், தேய்ப்பது, அம்மாவின் குரல். உங்கள் குரல் அந்த வேலையின் ஒரு படியாகவே ஆகிவிட்டது. படி வராததால் நிற்கிறான். வாய்மொழித் தூண்டல்தான் கொடுப்பதற்கு எல்லாவற்றிலும் எளிது, திரும்ப எடுப்பதற்கு எல்லாவற்றிலும் கடினம். நம் வீடுகளில் அம்மாக்கள் அன்பின் மிகுதியால் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் குழந்தைகளுக்கு அந்த ஒரு விஷயம் பாரமாகிவிடுகிறது.

எனவே பேச்சைக் குறைத்துப் பொருளைப் பேசவிடுங்கள். ஓர் அகலத் தட்டில் இடமிருந்து வலமாக, முன்கூட்டியே பேஸ்ட் வைத்த பிரஷ், வாய் கொப்பளிக்க ஒரு டம்ளர் தண்ணீர், முகத்துக்கு ஒரு சிறு சொம்புத் தண்ணீர், ஒரு துண்டு. தட்டின் வலப்புறம் ஒரு காலி வாளி. ஒன்றைப் பயன்படுத்தியதும் அது வாளிக்குள் போக வேண்டும். தட்டு காலியானால் வேலை முடிந்தது. இன்னும் எவ்வளவு இருக்கிறது, அடுத்து எது, எப்போது முடியும் என்ற மூன்று கேள்விக்கும் விடை அவன் கண்முன்னே இருக்கிறது. மனத்தில் எதையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. இந்தப் படிநிலையில் இருக்கும் குழந்தைக்குப் படத்தைவிட உண்மையான பொருள் எளிது. பிற்பாடு படத்துக்குப் போகலாம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், பார்ப்பது அங்கேயே இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: காதால் கேட்டதை நிறுத்திவைப்பது உங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்ததை நிறுத்திவைப்பதைவிடப் பெரும்பாலும் கடினம். இந்தத் தட்டு உங்களுக்கும் பொருந்தும்.

எதிலிருந்து கற்றுக்கொடுப்பது? கடைசிப் படியிலிருந்து. முதல் சில நாட்கள் பல் துலக்குவது முதல் முகம் கழுவுவது வரை எல்லாவற்றையும் நீங்கள் அவன் கையைப் பிடித்துச் செய்துவிடுங்கள். துண்டால் முகம் துடைத்து அதை வாளிக்குள் போடுவது மட்டும் அவனுடைய வேலை. போட்டவுடன் அவனுக்குப் பிடித்தது நடக்க வேண்டும். அது உறுதியான பிறகு முகம் கழுவுவதும் துடைப்பதும் அவனுடையது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் குழந்தை தினமும் பாதியில் திணறி, அழுகையில் முடிக்கும். கடைசியிலிருந்து தொடங்கினால் தினமும் தானே முடித்த திருப்தியோடு வெளியே வரும்.

கையைப் பிடிக்கும்போது அவனுக்குப் பின்னால் நில்லுங்கள். முகத்துக்கு எதிரே நின்றால் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பான். முதலில் கையோடு கை, பிறகு மணிக்கட்டில் லேசாக, பிறகு முழங்கையில் ஒரு தொடுதல், பிறகு ஒன்றுமில்லை. அவன் நின்றுவிட்டால் உடனே உதவாதீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவனுக்கு யோசித்துத் தொடங்க அந்த நேரம் வேண்டும். அந்தப் பத்து எண்ணிக்கை காலை நேரத்தில் ஒரு யுகமாகத் தெரியும், ஆனால் அதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். அவசர நாட்களில் பயிற்சியே வேண்டாம், நீங்களே செய்து கூட்டிவந்துவிடுங்கள். பள்ளி இல்லாத சனி, ஞாயிறுகளில் தொடங்குவது நல்லது.

குழாயைப் பொறுத்தவரை எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. எதிர்க்கவே முடியாத ஒன்றைக் கண்முன் வைத்துவிட்டு அடக்கிக்கொள் என்று மூன்று வயது நிலையில் இருக்கும் பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை. குளியலறைக் குழாய்க்குத் தனி வால்வு இருந்தால் அந்த நேரத்துக்கு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் தட்டை வாசல் பக்கம் முற்றத்தில் வைத்து அங்கேயே முகம் கழுவட்டும். கூடவே, தண்ணீர்மீது அவனுக்கு இருக்கும் ஆசையைப் பறித்துவிடாதீர்கள். தட்டு காலியானதும் வால்வைத் திறந்து இரண்டு நிமிடம் குழாயில் விளையாடவிடுங்கள். 'முதலில் துண்டு, பிறகு குழாய்.' அவ்வளவுதான் நீங்கள் பேச வேண்டியது. அவன் தடுக்க முடியாமல் தேடிப் போனதே இப்போது வேலையை முடித்ததற்குப் பரிசாகிவிடுகிறது. இரண்டு நிமிடம் முடிந்ததும் நிறுத்துவது நீங்கள் வேண்டாம். கைபேசியில் ஒரே ஒலியை அலாரமாக வைத்து அதையே நிறுத்தவிடுங்கள். அம்மாவோடு மோதுவதைவிட அலாரத்துக்கு ஒத்துப்போவது இந்தக் குழந்தைகளுக்கு எளிதாக இருக்கிறது.

அதேபோல 'கூடாது' என்ற சொல்லையும் குறையுங்கள். 'குழாயைத் திறக்கக் கூடாது' என்ற வாக்கியத்தில் அவன் மனத்தில் எழும் காட்சி குழாயைத் திறப்பதுதான். 'கை சொம்பில்' என்றால் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

உங்கள் மாமியாருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். அவரை எதிர்த்தரப்பில் நிறுத்தினால் உங்கள் சக்தி பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பேரனை மடியில் வைத்து ஆட்டியபடி பாடும் பாட்டுகள் அவரிடம் நிறைய இருக்கும். மாலையில் ஒன்றைப் பாடி, நடுவில் சட்டென்று நிறுத்தி, ஆட்டத்தையும் நிறுத்தி, அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். வேகமாக ஆட்டி, பிறகு மெதுவாக ஆட்டி, பிறகு நிறுத்தச் சொல்லுங்கள். தெருப் பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடினால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் ஒரு ஓரத்தில் ஆடட்டும். இதனால் மூளைப் பயிற்சி நடந்து குழாய் தானாக மூடிக்கொள்ளும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. டேப்லெட்டுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆனால் இங்கே அவன் காத்திருப்பது ஒரு மனிதருக்காக, சிரிப்பதும் அவரோடு. பேச்சு குறைவாக உள்ள குழந்தைக்கு அது தன்னளவிலேயே பெரிய விஷயம்.

ஆட்டோ வேறு தெருவில் திரும்புவது போன்ற மாற்றங்களைக் குளியலறை ஓரளவு பிடிபட்ட பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அலறும் நேரத்தில் விளக்கம் சொல்லாதீர்கள், அப்போது எதுவும் உள்ளே போகாது. கற்றுக்கொடுக்கும் நேரம் வேறு. ஒரு வெளிர் நிற அட்டையில் வளைந்த அம்புக்குறி வரைந்து 'மாற்றம்' என்று அதற்குப் பெயர் வையுங்கள். முதலில் அவனுக்குப் பிடித்த மாற்றங்களுக்கு மட்டும் அதைக் காட்டுங்கள்: இட்லிக்குப் பதில் அவனுக்குப் பிடித்த பூரி என்றால் அட்டை, வழக்கமான ஒரு பிஸ்கட்டுக்குப் பதில் இரண்டு என்றால் அட்டை. அட்டை வந்தால் நல்லதுதான் நடக்கும் என்ற நம்பிக்கை ஏறிய பிறகு நடுத்தரமான மாற்றங்களுக்குப் போங்கள். ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போது வேண்டுமென்றே வேறு தெரு வழியாகப் போய் அதே கடலுக்குச் சேருங்கள். வழி மாறினாலும் கடல் மாறவில்லை என்று அவன் பல முறை பார்க்க வேண்டும். மாசி மகத்தன்று மட்டும் இந்தப் பயிற்சிக்கு அங்கே போகாதீர்கள்; அந்தக் கூட்டமும் மேளமும் தனிச் சோதனை.

நம் கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் மழை விடுமுறை. பெரும்பாலும் அதிகாலையில் அறிவிப்பு வரும், பிள்ளை அதற்குள் சீருடை போட்டு ஆட்டோவுக்கு நிற்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது போலப் பல நாட்கள் தொடர்ந்து வழக்கம் குலைந்துபோவதும் உண்டு. ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு 'மழை நாள்' தட்டு தயார் செய்துவையுங்கள்: மழை நாளில் மட்டும் வெளியே வரும் ஒரு விளையாட்டுப் பொருள், ஒரு தின்பண்டம், வீட்டிலேயே செய்யும் இரண்டு வேலைகள். விடுமுறை என்று சொல்வதற்கு முன் தட்டை எடுத்து வையுங்கள். பள்ளி இல்லை என்ற வெற்றிடத்தைவிட, இன்று இது இருக்கிறது என்பது அவனுக்குப் பிடித்துக்கொள்ள வசதியானது.

வேறு சிலவற்றையும் பார்த்துவிட வேண்டும். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான்? ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தூக்கச் சிக்கல் அதிகம், தூக்கம் குறைந்த மறுநாள் செயல் நிர்வாகம் இன்னும் சரியும். பிரஷோடு நிற்கும்போது கூப்பிட்டாலும் தொட்டாலும் சில நொடிகள் பதிலே இல்லாமல் வெறித்துப் பார்க்கிறானா? அப்படியானால் கைபேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். கேட்கும் திறன், பார்வை, இரத்தத்தில் இரும்புச் சத்து மூன்றையும் பரிசோதியுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் பற்றிக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மருக்கும் வரலாம். முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. எங்கே தெரபிக்குப் போனாலும், தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு, 'இங்கே செய்வதை என் வீட்டுக் குளியலறைக்கு எப்படிக் கொண்டுவருவது?' என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவரிடம் போங்கள். செலவுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டைப் பாருங்கள். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் அதில் சேர்ந்தவை, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. அதற்கு மாற்றுத்திறன் சான்றிதழ் வேண்டும்.

அந்தச் சான்றிதழ் பள்ளிக்கும் உதவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை இருக்கிறது. உட்கார வந்த பிறகு, காத்திருக்க வந்த பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வகுப்பில் உட்கார வகுப்பில்தான் கற்றுக்கொள்ள முடியும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பற்றித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், சேர்க்கைக்கு முன்பே அவரைச் சந்தியுங்கள். மே மாதம் பள்ளி காலியாக இருக்கும்போது அனுமதி வாங்கி, வாசல், வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய் நான்கையும் அவனுக்குக் காட்டிவிடுங்கள். முதல் வாரங்களில் அரை நாள் போதும் என்று கேளுங்கள்.

வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். மருத்துவச் சொற்கள் வேண்டாம். இப்படி எழுதலாம்: 'இவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளை போதும். சொன்ன பிறகு பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். நின்றுவிட்டால் திட்டுவதற்குப் பதில் முழங்கையில் லேசாகத் தொடுங்கள். அடுத்து என்ன என்பதைக் கரும்பலகை ஓரத்தில் படமாக வரைந்து, முடிந்ததை அழித்துக்கொண்டே வாருங்கள். தண்ணீர்க் குழாய் கண்ணில் படாத இடத்தில் உட்காரவையுங்கள்.' ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா என்று ஆசிரியர் கேட்டால், கரும்பலகைப் படம் ஒன்றை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். அது மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் பல ஆசிரியர்கள் மறுப்பதில்லை.

குளியலறையில் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில், நான்கு படிகளில் எத்தனையை உங்கள் கை படாமல் செய்தான் என்று மட்டும் தினமும் குறித்துவாருங்கள். சில நாள் ஏறும், சில நாள் இறங்கும். சளி, காய்ச்சல், ஊர்ப்பயணம் வந்தால் கண்டிப்பாக இறங்கும். மாதக் கணக்கில் ஆகலாம். ஆறு வாரம் ஆகியும் ஒரு படிகூட நகரவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு யாரிடமாவது நேரில் காட்டுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
மருத்துவ உளவியலாளர், புதுச்சேரி